பாலில்தான் இருந்தது

பால்பொடி ஆலையின் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த அவளை அங்கே யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. "இன்னொருதரம்" என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை ஒருவருக்கும் கிடையாது. எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். எந்தச் சோதனையை முடித்தாலும் கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் செருகிவிட்டு, "எதுக்கும் இன்னொருதரம் பாத்துடலாம்" என்பாள். ஈரம் சரியாக வந்தாலும் இன்னொருதரம், கொழுப்பு சரியாக வந்தாலும் இன்னொருதரம். வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலு வாசல் தாண்டிப் போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தையல் மெஷின் பழுது பார்க்கும் அவள் கணவர் பொறுமைசாலி. "நல்லவேளை, கல்யாணத்த மட்டும் ஒரு தரத்தோட நிறுத்திக்கிட்டா" என்பதோடு விட்டுவிடுவார்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை இன்னொருதரம் பார்க்காமல் விட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை எப்படியோ எழுந்து நடந்துவிடுகிறது. அதன் காலடியில் கிடந்தவன் என்ன ஆனான் என்று யாரும் பழமொழி சொல்லவில்லை.

அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினாறு. அப்பா இருந்தார், இருந்தும் இல்லாத ரகம். அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அடுப்பையும் தங்கையையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டாள். இருபது வயதில் அக்காவுக்கு வரன் வந்தபோது அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: தங்கச்சியும் கூட வருவாள். மாப்பிள்ளை பால்பொடி ஆலையில் கலவைப் பிரிவில் இருந்தார். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். கசக்குமா என்ன?" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் அவளுக்கு அத்தான், அவள் அவருக்குப் பாப்பா. அவள் தலை நரைத்த பிறகும் பாப்பாதான்.

தான் விட்ட படிப்பையெல்லாம் தங்கை படிக்க வேண்டும் என்பது அக்காவின் வெறி. பரீட்சை நாட்களில் வீட்டில் பாத்திரம் உருளக்கூடாது, அத்தான் தும்மக்கூடாது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது மருந்துச் சீட்டு புரியவில்லை என்றால், "இருங்க, என் தங்கச்சி வரட்டும். அவ சொன்னா அச்சடிச்ச மாதிரி இருக்கும்" என்பாள். தங்கை சொன்ன பிறகு அந்த விஷயத்தில் வேறு பேச்சுக்கே இடமில்லை. டாக்டரே வந்து வேறு மாதிரி சொன்னாலும் அக்கா டாக்டரைத்தான் சந்தேகப்படுவாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது அத்தான்தான் ஆலையில் சொல்லி அவளை ஆய்வகத்தில் சீசா கழுவும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். மாலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பியவரும் அவரே. கலவைப் பதிவேட்டில் கோழி கிளறியது போல எழுதுகிறவர், அந்தத் தாளில் மட்டும் முத்து முத்தாக எழுதியிருந்தார். ஆறு வருடத்தில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு தராசு, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்ட ஒரு சின்ன அறை என்று ஆயிற்று. திரை எதற்கென்றால், அவள் அளப்பது விட்டமின். அது வெளிச்சம் பட்டால் செத்துப்போகும்.

விட்டமின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாலில் இருந்து கொழுப்பை எடுத்துவிட்டுத்தான் அந்த ஆலையில் பொடி செய்தார்கள். கொழுப்பு போகும்போது அதோடு ஒட்டிக்கொண்டு ஏ, டி விட்டமின்களும் போய்விடும். போனதைத் திரும்பப் போட்டுத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். அது டப்பாவில் மஞ்சள் எண்ணெயாக வரும். ஒரு பெரிய தொட்டிப் பாலுக்கு ஊற்றுவது, பூனை நக்கினால் தீர்ந்துபோகிற அளவுதான். ஆனால் விலை யானை விலை. அதனால் டப்பாக்களுக்கு அலமாரி, அலமாரிக்குப் பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. சாவி இருபத்திரண்டு வருடமாக அத்தானிடம்தான் இருந்தது.

ஊற்றுவதற்கு ஒரு முறை எழுதி வைத்திருந்தார்கள்: டப்பாவைத் திற, தொட்டியில் ஊற்று, கலக்கு. அத்தானுக்கு அதில் ஒரு மனக்குறை. தொட்டி காலியானதும் எட்டிப் பார்த்தால் எஃகுச் சுவரில் மெல்லிய மஞ்சள் வளையம் ஒட்டியிருக்கும். கொழுப்பில்லாத பாலில் எண்ணெய்க்கு ஒதுங்க இடம் கிடைக்காமல் சுவரைப் பிடித்துக்கொள்கிறது என்று அவருக்குத் தோன்றியது. விலை கொடுத்து வாங்கியதை வெந்நீர் விட்டுக் கழுவுகிறோமே என்ற வயிற்றெரிச்சல் வேறு. எழுதி வைத்த முறையைப் பல வருடம் மதித்தவர், ஒரு நாள் மீறினார். ஒரு வாளி பாலை இளஞ்சூடாக்கி, எண்ணெயை அதில் சொட்டுச் சொட்டாக விட்டு, நாற்பது நிமிடம் மெதுவாகக் கலக்கி, பிறகு தொட்டியில் சேர்த்தார். அன்றைக்கு வளையம் இல்லை. மறுநாளும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது சாப்பாட்டின் நடுவே சொன்னார்.

"கொழுப்பு இல்லாட்டி என்ன பாப்பா, பால்ல வேற ஏதோ இருக்கு. அது பிடிச்சுக்குது. பிடிச்சா விடமாட்டேங்குது."

"அப்படியா அத்தான்?" என்றாள். அவள் கவனம் அப்போது அக்கா கழுத்தில் போட்டிருந்த புது மணிமாலையில் இருந்தது. ஒரு காது கேட்டது, ஒரு காது விட்டது. பிற்பாடு அந்த ஒரு நிமிடத்தை எத்தனை தடவை நினைத்து நினைத்து மாய்ந்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

அவர் சொன்ன அந்த "வேற ஏதோ" புரதம். பாலின் புரதம் நேராக நிற்பதில்லை. மடிந்து சுருண்டு கிடக்கும். அந்த மடிப்புகளுக்குள் தண்ணீரே ஆகாத இடங்கள் இருக்கின்றன. விட்டமினுக்கும் தண்ணீர் ஆகாது. மழைக்குப் பயந்த இரண்டு பேர் ஒரே கூரையடியில் ஒதுங்குவது போல விட்டமின் போய் அந்த மடிப்பில் பதுங்கிக்கொள்ளும். அவசரமாகக் கொட்டினால் நடக்காது. இளஞ்சூட்டில், நிதானமாகச் செய்தால் நடக்கும். படிக்காத அத்தான் இதைக் கையால் கண்டுபிடித்தார். படித்த பாப்பா மணிமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் செய்த தப்பும் ஒன்று உண்டு. அவர் இதை எங்கேயும் எழுதவில்லை. முறையை மாற்ற மேலாளர் கையெழுத்து வேண்டும். மேலாளருக்கு ஆலையில் "கடிகாரம்" என்று பெயர்; பேசுகிறவர் முகத்தைவிடத் தன் மணிக்கட்டைத்தான் அதிகம் பார்ப்பார். நாற்பது நிமிடம் கூடுதலாக வேண்டும் என்று அவரிடம் போய் நிற்பதற்குப் பதில், அத்தான் தினமும் நாற்பது நிமிடம் முன்னாலேயே வேலைக்கு வந்துவிட்டார். வெளிச்சமும் தூசியும் படக்கூடாது என்று கலவை அறைக் கதவையும் சாத்திக்கொண்டார். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று இருந்துவிட்டார் மனிதர்.

அதே வாரத்தில் ஆய்வகத்தில் எண்கள் இறங்க ஆரம்பித்தன.

விட்டமினை அளக்க அவளிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றைக் குலுக்குகிற சோதனை என்பார்கள்: கரைத்த பாலில் ஆல்கஹாலும் ஒரு கரைப்பானும் விட்டுக் குலுக்கினால் விட்டமின் கரைப்பானோடு மேலே வந்துவிடும், எடுத்து அளக்கலாம். அரை மணி நேர வேலை, தினசரி இதுதான். இன்னொன்று வேகவைக்கிற சோதனை: கடுமையான காரம் சேர்த்து, வெந்நீரில் வேகவைத்து, பாலைப் பாலாகவே இல்லாமல் சிதைத்துவிட்டு அளப்பது. அரை நாள் ஆகும், கை பொத்துப்போகும். மாதம் ஒரு முறை செய்தால் போதும் என்று விதி. அந்த மாதத்துக்கானது மூன்று வாரம் தள்ளி இருந்தது.

குலுக்குகிற சோதனையில் நூறு வர வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டு வந்தது. மறுநாள் அறுபத்தொன்று. பிறகு ஐம்பத்தொன்பது. வழக்கம்போல இன்னொருதரம் குலுக்கினாள், அதேதான். பத்து நாள் பார்த்தாள். கதை கேட்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். அவளுக்குப் புரியவில்லை. ஆல்கஹால் பட்டதும் வெள்ளையாகத் திரிந்து குழாயின் அடியில் தங்கும் புரதத்தை அவள் பத்து நாளும் கழுவுதொட்டியில் கொட்டிக் கழுவினாள். மீதி நாற்பதும் அதற்குள்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கடிகாரம் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். அது வழக்கமில்லை.

"தினம் நாப்பது நிமிஷம் முன்னாடி வர்றாரு. கதவ சாத்திக்கிறாரு. டப்பா அவர்கிட்ட. பாதி விட்டமினக் காணோம். நான் என்ன நினைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

அவள் பத்து நாள் எண்கள் எழுதிய தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களுக்கு அத்தான்னு தெரியும். கஷ்டமா இருந்தா சாம்பிள வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிடலாம். உங்க தலையில வேணாம்."

மனிதர் கெட்டவர் இல்லை. வழி ஒன்றைத் திறந்துதான் வைத்தார். அதை அவளே அறைந்து சாத்தினாள். அந்த அறையில் அவளுக்குக் கேட்டதெல்லாம் ஆலை முழுக்க நாளைக்குப் பேசப்போகும் பேச்சு: அத்தானைக் காப்பாத்த வெளில அனுப்பிட்டா பாரு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"வேணாம் சார். சொந்தம்னு பாக்கற ஆள் நான் இல்ல. எண் எண்தான்" என்றாள்.

சொல்லும்போதே ஒரு நிமிர்வு வந்தது அவளுக்கு. அந்த நிமிர்வை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

மத்தியானம் அத்தான் ஆய்வக வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கலவைப் பிரிவு ஆட்கள் காலணியோடு உள்ளே வரக்கூடாது. வாசற்படியில் நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நான் போட்டேன் பாப்பா. முழுசாப் போட்டேன். பால்லதான் இருக்கு."

"கருவி அப்படிச் சொல்லலையே அத்தான்."

"அந்த வேகவைக்கிறது ஒண்ணு இருக்குல்ல. எனக்காக இன்னொருதரம் பாத்துடேன்."

வேறு யாராவது ஒரு கலவைக்காரர் வந்து கேட்டிருந்தால் கேட்பதற்கு முன்பே அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள். காரச் சீசாவும் அன்றைக்கு அலமாரியில் கைக்கெட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. கேட்டவர் அத்தான். அதுதான் வினை.

"உங்களுக்காகன்னு பாத்தா நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க? நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

அவர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பிப் பார்த்தார். யோசிப்பது போலத்தான் இருந்தது. பிறகு, "அதுவும் சரிதான்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். கோபமாகப் போயிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் கையெழுத்திட்ட அறிக்கை மேலே போயிற்று. அத்தானைப் போலீஸுக்கு இழுக்கவில்லை; சொந்த விருப்பத்தில் விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கேட்டார்கள். அவர் இடத்துக்கு வந்த புது ஆள் எழுதி வைத்தபடி டப்பாவைத் திறந்து தொட்டியில் ஊற்றிக் கலக்கினான். சுவரில் மஞ்சள் வளையம் திரும்ப வந்தது. அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிடிப்பில்லாமல் மிதந்த விட்டமின் குலுக்கியதும் சமத்தாக மேலே வந்தது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. மாதச் சோதனையில் வேகவைத்தபோதும் அதுவே வந்தது. அதற்குமேல் யாருக்கு என்ன சந்தேகம் மிச்சம் இருக்கும்? ஆள் போனான், எண் வந்தது. "வேலியே பயிரை மேஞ்சிருக்கு" என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள், அவள் தட்டோடு வந்தால் நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடுவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்துக் கதவைத் திறந்தவளை அக்கா கட்டிக்கொண்டாள்.

"உன் வேலைய நீ செஞ்ச. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இதப்பத்தி இனிமே நமக்குள்ள பேச்சு வேணாம், என்ன?"

அக்காவின் பெரிய மனசு என்று நினைத்து அவள் அழுதாள். அக்கா மனதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. பேச்சு வேணாம் என்றது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

அதன் பிறகு அக்கா முன்னைவிட அதிகமாக வந்து போனாள். அத்தான் வருவதில்லை. அவள் அங்கே போனால், "வா பாப்பா" என்பார், ஒரு நிமிடம் நிற்பார், ஏதாவது வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விடுவார். ஒரு பெயின்ட் கடையில் வேலை கிடைத்திருந்தது. அட்டையில் பார்த்து நிறம் கலந்து கொடுப்பது. அக்கா பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவதை ஒரு நாள் பார்த்தாள். முன்பெல்லாம் அது கதவிலேயே தொங்கும். பார்த்தாள், அவ்வளவுதான், ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. விட்டமின் விற்கும் நிறுவனத்தில் இருந்து ஒரு பெண்மணி பயிற்சி கொடுக்க வந்தார். புதுச் சரக்கு ஒன்று வந்திருக்கிறதாம்: விட்டமினை முன்கூட்டியே பால் புரதத்தில் பிணைத்து விற்கிறார்களாம், சுவரில் ஒட்டாதாம், வெளிச்சத்தையும் கொஞ்சம் தாங்குமாம். படம் போட்டுக் காட்டினார். புரதத்தின் மடிப்புக்குள் விட்டமின் பதுங்கியிருந்தது.

"ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. இத சும்மா குலுக்கி அளக்காதீங்க. புரதம் விடாது. நூறு போட்டிருந்தாலும் அறுபதுதான் காட்டும். கண்டிப்பா வேகவைக்கணும்."

பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் குறித்துக்கொண்டார்கள். அவள் பேனா எழுதவில்லை. "அறுபதா?" என்று கேட்டாள். "ஆமாங்க, ஐம்பத்தெட்டு, அறுபது, அந்த மாதிரி" என்றார் அந்தப் பெண்மணி. சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

ஒவ்வொரு கலவையிலும் ஒரு பொட்டலத்தை ஒட்டி, இருட்டான குளிர் அறையில் மூன்று வருடம் வைத்திருப்பது ஆலை வழக்கம். அவள் இறங்கிப் போய்த் தேடினாள். அத்தானின் கடைசி வாரத்துப் பொட்டலம், அவருடைய கோழிக்கிளறல் எழுத்தோடு, இருந்தது. குலுக்கினாள்: ஐம்பத்திரண்டு. கைகளைத் துடைத்துக்கொண்டு காரத்தை எடுத்தாள், வேகவைத்தாள், அரை நாள் காத்திருந்தாள். எண்பத்தொன்பது. இரண்டு வருடத்தில் காலம் தின்றது போக எண்பத்தொன்பது. புது ஆள் ஊற்றியதில் அதே வயதுள்ள பொட்டலத்தை எடுத்து வேகவைத்தாள். எழுபத்தொன்றுதான் மிஞ்சியிருந்தது. அத்தான் போட்டது முழுசாக இருந்தது மட்டுமில்லை. புது ஆள் போட்டதைவிடக் கெடாமலும் இருந்தது. பிறகு இன்னொருதரம் வேகவைத்தாள். அதற்குப் பிறகு மூன்றாவது தடவையும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பதெல்லாம் சின்ன வகுப்பிலேயே படித்ததுதான்.

கடிகாரத்திடம் தாள்களை வைத்தாள். அவர் அன்றைக்கு மணி பார்க்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சோதனை முறை திருத்தப்பட்டதுன்னு ஒரு வரி எழுதிடுங்க. பழசக் கிளறினா உங்க ஆய்வகம்தான் முதல்ல மாட்டும். அடுத்த மாசம் உங்களத் தலைமையாப் போடறதா இருக்கோம். யோசிங்க."

யோசித்தாள். ஒரு வரி எழுதினாள். அதை எழுதியது பயத்தில் என்று பின்னாளில் கணவரிடம் ஒப்புக்கொண்டாள். ஆலைக்குச் சொல்லாவிட்டால் என்ன, வீட்டுக்குச் சொல்லிவிடலாம், அத்தான் காலில் விழுந்துவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் செய்துகொண்டாள். இந்த ஞாயிறு போகலாம் என்று நினைத்தாள். அந்த ஞாயிறு அக்காவே வந்துவிட்டாள், கூட பக்கத்து வீட்டுக்காரி வேறு. அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு பதவி உயர்வுக்கு அக்கா புடவை எடுத்துக்கொண்டு வந்து, "என் தங்கச்சி தலைமை!" என்று தெருவெல்லாம் கேட்கச் சிரித்தாள், அந்தச் சிரிப்பின் நடுவில் எப்படிச் சொல்வது? ஆறின கஞ்சி பழங்கஞ்சி. தள்ளத் தள்ள, சொல்ல வேண்டியதோடு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதும் சேர்ந்து கனத்துக்கொண்டே போயிற்று.

"போய்ச் சொல்லிடு. ஒரு மனுசன் பேரு அது" என்றார் கணவர்.

"அக்காவுக்கு அத்தானத் தெரியாதா? அவங்க நடுவுல ஒண்ணும் இல்ல. ஆலைல நாலு பேர் நினைக்கிறதுதானே. சொல்றேன், சொல்றேன்" என்றாள்.

உண்மை தெரிந்த பதினோராவது மாதம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் மாறி மாறி இருந்தார்கள், பகலில் அவளும் இரவில் அத்தானும். வாசலில் மாற்றிக்கொள்ளும்போது சாப்பிட்டாச்சா, ஊசி போட்டாச்சா என்பதோடு சரி. நோயாளியின் தலைமாட்டில் போய்ப் பழங்கதை பேசுவதா என்று நினைத்தாள். உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தாள். தேறவில்லை. பதினாலாவது மாதம் அக்கா போய்விட்டாள்.

பதினாறு நாள் கழித்து அவள் பெயின்ட் கடைக்குப் போனாள். மதிய வேளை, கடையில் ஆள் இல்லை. அத்தான் கல்லாவுக்குப் பின்னால், ஒரு டின் வெள்ளையில் மஞ்சளைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அத்தான், பால்லதான் இருந்துச்சு."

"தெரியும் பாப்பா. போட்டவனுக்குத் தெரியாதா?"

எல்லாவற்றையும் சொன்னாள். குலுக்கியது, வேகவைத்தது, குளிர் அறைப் பொட்டலம், ஒரு வரி, பதவி, பதினாலு மாதம். எதையும் மறைக்கவில்லை. அவர் கரண்டியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் மட்டும் நிமிர்ந்தார்.

"எண்பத்தொம்பதா?"

"ஆமா அத்தான்."

"ரெண்டு வருசம் கழிச்சுமா?"

"ஆமா. அந்த ஆள் போட்டது எழுபத்தொண்ணு."

"அப்ப நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்றார். ஒரு கணம் அந்த முகத்தில் பழைய அத்தான் வந்து போனார். அவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. கல்லாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா இருக்கறப்பவே வந்து சொல்லியிருக்கணும். விட்டுட்டேன். ஒரு ஆறுதல் என்னன்னா, அக்கா ஒரு நாளும் உங்கள அப்படி நினைச்சிருக்க மாட்டா. அவளுக்கு உங்களத் தெரியும்."

அத்தான் கரண்டியை டின்னின் விளிம்பில் வழித்தார். கையைத் துணியில் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் பார்த்தது அவளுக்கே தெரிந்தது.

"அவளுக்கு உன்ன அதவிட நல்லாத் தெரியும் பாப்பா. நீ சொன்னா அச்சடிச்ச மாதிரின்னு இருந்தவ. நானும் முதல்ல ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். 'என் தங்கச்சி பொய் சொல்லுவாளா'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் நான் பேசல."

வெளியே ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டு கூவியது. அது நிற்கும் வரை அவர் காத்திருந்தார்.

"கடைசி வாரம், ஒரு நாள் என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'அந்த டப்பா விஷயத்த நான் எப்பவோ மன்னிச்சுட்டேங்க, நீங்க மனசுல வச்சுக்காதீங்க'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? நான் எடுக்கலன்னு சொன்னா, நீ சொன்னது தப்புன்னு ஆயிடும். போற நேரத்துல அவளுக்கு எதுக்கு அது? சரிம்மான்னேன். அதுக்கப்புறம்தான் கொஞ்சம் தூங்கினா."